எது முதலில் வளைய வேண்டும்? வீட்டில் வெல்டிங் வைத்த சறுக்குத் தகடுகள் பற்றி

கவிதைக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். ஒருவர் விடுமுறை நாள் முழுக்க வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து வண்டிக்கு அடியில் பொருத்திய இரும்புத் துண்டுக்கு ஏன் எழுதக் கூடாது? அதிலும் ஒரு யோசனை இருக்கிறது. அது சரியா தப்பா என்று கேட்கவும் இடமிருக்கிறது. கவிதை சரியில்லை என்றால் புத்தகத்தை மூடிவிட்டுப் போகலாம். இது சரியில்லை என்றால் ஒருநாள் நெடுஞ்சாலையில் பின் ஆக்சில் தன்பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனால் இந்த விமர்சனம் கொஞ்சம் கறாராகவே இருக்கும்.

பேசப்போவது ஆஃப்ரோடு வண்டிகளின் சஸ்பென்ஷனுக்கு அடியில், அடி வாங்கும் இடங்களில், வண்டிக்காரர்கள் தாங்களே வெல்டிங் வைக்கும் ஸ்கிட் பிளேட் பற்றி. சறுக்குத் தகடு என்று சொல்லலாம். உதாரணத்துக்கு ஜீப் ராங்ளரை எடுத்துக்கொள்கிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சுமார் 22 மைல் நீளமுள்ள ரூபிகான் பாதையிலும், யூட்டாவில் மோவாப் ஊரைச் சுற்றியுள்ள மணற்பாறைகளிலும் இந்த வண்டி ஏறி இறங்குவது ஒரு கலாச்சாரமாகவே இருக்கிறது. மோவாப்பில் ஈஸ்டர் ஜீப் சஃபாரி 1967-லிருந்து நடக்கிறது. 2003-ல் ராங்ளரில் ஒரு மாடலுக்கு ரூபிகான் என்றே பெயர் வைத்தார்கள். இந்த வேலைக்கென்றே புகழ்பெற்ற வண்டியின் அடியிலும் ஆட்கள் தங்கள் கையால் தகடு சேர்க்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் இல்லையா?

காரணம் இருக்கிறது. 1987 முதல் 1995 வரை வந்த ராங்ளரில் பட்டை ஸ்பிரிங்குகள் இருந்தன. அவை ஆக்சிலுக்குக் கீழே போகும். அவற்றைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டும் அடித்தகடும் தரையைப் பார்த்துத் தொங்கும். 1997 மாடலில் காயில் ஸ்பிரிங் வந்தது. காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்குமே தவிர ஆக்சில் முன்னே பின்னே போகாமல் பிடித்து வைக்காது. அதற்காக ஆக்சிலையும் சேஸிஸையும் இணைக்கும் தண்டுகள் வேண்டும். அவற்றைக் கன்ட்ரோல் ஆர்ம் என்கிறார்கள். கீழ் ஆர்ம் வந்து சேரும் பிராக்கெட் ஆக்சில் குழாயின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு காது மாதிரி தகடு, நடுவில் ரப்பர் புஷ், குறுக்கே ஒரு போல்ட். சவாரி சுகமானது, சக்கரங்கள் தாராளமாக மேலும் கீழும் போய்வந்தன. ஆனால் தொங்கும் பொருள்களின் எண்ணிக்கை குறையவில்லை. ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைப் பிடிக்கும் பிராக்கெட்டும் இந்தப் பட்டியலில் சேரும்.

டிஃபரன்ஷியல் உருண்டை பெரிது, அதுதான் அதிகம் இடிபடும் என்று தோன்றலாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது ஓட்டுநருக்கு மனப்பாடம். அதை விலக்கித்தான் ஓட்டுவார். உருவமும் வார்ப்பிரும்பில் உருண்டையாக இருப்பதால் பாறை வழுக்கிக்கொண்டு போய்விடும். பிராக்கெட்டுகள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சக்கரத்தைத்தான் பாறைமேல் ஏற்றுகிறோம். டயர் வழுக்கி இறங்கினால் வண்டியின் கால்பங்கு எடையோடு பாறைமேல் உட்காருவது இந்தப் பிராக்கெட்தான். அதன் முன்முகம் கிட்டத்தட்ட செங்குத்து, நங்கூரம் போல மாட்டிக்கொள்ளும். வண்டி மேலும் நகர முயன்றால் காது மடங்கும், போல்ட்டின் நட்டு தேயும், பிறகு ஆர்மைக் கழற்றவே முடியாது.

ஆகவே அங்கே ஒரு தகடு வேண்டும் என்ற உள்ளுணர்வு சரியானது. நான் குறை சொல்வது அடுத்த படியை. தகட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது தடிமன்: "கால் அங்குலம் போட்டிருக்கிறேன்." அதாவது சுமார் 6 மி.மீ. அந்த எண்ணைச் சொன்னதும் கேட்பவர் தலையாட்டுகிறார். ஆனால் ஒரு சறுக்குத் தகட்டை மதிப்பிட மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: எவ்வளவு சாய்வாக இருக்கிறது, விசை அங்கிருந்து எங்கே போகிறது, எது முதலில் வளையும். தடிமன் இந்த மூன்றுக்கும் பின்னால்தான் வருகிறது.

முதலில் சாய்வு. இது பதினொன்றாம் வகுப்பு சாய்தளக் கணக்கு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வண்டி சுமார் 1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையின் எடை 450 கிலோ. இரும்புக்கும் பாறைக்கும் உள்ள உராய்வுக் குணகம் 0.4 என்று கொள்வோம். அந்த மூலையின் எடை முழுதும் தகட்டின்மேல் நிற்கும்போது வண்டியை முன்னே தள்ள எவ்வளவு விசை வேண்டும்? தகடு தரையோடு 30 டிகிரி சாய்ந்திருந்தால் எடையைப் போல 1.27 மடங்கு, சுமார் 570 கிலோ. 45 டிகிரி என்றால் 2.33 மடங்கு, சுமார் 1,050 கிலோ. 60 டிகிரி என்றால் ஏறத்தாழ 7 மடங்கு, 3 டன்னைத் தாண்டும். 68 டிகிரிக்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் நகராது. உராய்வே பூட்டு போட்டுவிடும்.

இப்போது டயர் பக்கம் வருவோம். மற்ற மூன்று சக்கரங்களின்மேல் 1,350 கிலோ இருக்கிறது. ரப்பருக்கும் பாறைக்கும் உராய்வு 0.8 என்று வைத்தால், டிஃபரன்ஷியல் லாக் எல்லாம் போட்ட பிறகும் அவற்றால் தள்ள முடிவது அதிகபட்சம் 1,080 கிலோ. அதாவது 30 டிகிரி தகடு சும்மா ஏறிப் போய்விடும். 45 டிகிரி தகடு விளிம்பில் நிற்கிறது, ஏறலாம், ஏறாமலும் போகலாம். 60 டிகிரி தகடு ஏறவே ஏறாது. அது கால் அங்குலமாக இருந்தாலும் சரி, அரை அங்குலமாக இருந்தாலும் சரி. அது சறுக்குத் தகடு என்ற பெயரில் இருக்கும் ஒரு சுவர்.

வீட்டில் செய்தவற்றில் அதிகம் காணும் குறை இதுதான். பிராக்கெட்டின் வடிவத்தை அட்டையில் வரைந்து, அப்படியே தகட்டில் வெட்டி, அதன் முகத்தில் ஒட்டிவிடுகிறார்கள். பொருத்தம் அழகாக இருக்கிறது, இடைவெளியே இல்லை. ஆனால் செங்குத்தாக இருந்த முகம் இப்போது தடித்த செங்குத்து முகமாகிவிட்டது. பாறையைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை. நல்ல தகடு பிராக்கெட்டை விட்டு முன்னால் நீண்டு, குழாயின் அடிவரை மெதுவாக ஏறி, சரிவாகப் போய்ச் சேர வேண்டும். பார்க்க அவ்வளவு பொருத்தமாக இருக்காது, துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தல்தான் வேலை செய்கிறது.

மோவாப்பில் இதற்கு வேடிக்கையான சாட்சி ஒன்று உண்டு. அங்குள்ள மணற்பாறையை வழுக்குப்பாறை என்ற பொருளில் ஸ்லிக்ராக் என்கிறார்கள். ரப்பர் டயருக்கு அது வழுக்கவே வழுக்காது. உப்புத்தாள் மாதிரி பிடிக்கும். இரும்பு லாடம் அடித்த குதிரைகள் வழுக்கியதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். ஒரே பாறை, ரப்பருக்கு ஒரு குணம், இரும்புக்கு வேறு குணம். சறுக்குத் தகடு என்ற யோசனையே இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. டயர் பிடிக்க வேண்டும், தகடு வழுக்க வேண்டும்.

சாய்வில் இன்னொரு விஷயம், திசை. பெரும்பாலான வீட்டுத் தகடுகள் முன்னால் மட்டும் சரிவாக இருக்கின்றன. பின்பக்கம் வெட்டி நிறுத்திய விளிம்பு அப்படியே திறந்திருக்கிறது. பாறையில் ஓட்டுகிறவர் பாதி நேரம் பின்னோக்கித்தான் வருவார். ஏற முயன்று, முடியாமல், ரிவர்ஸ் போட்டு, வேறு கோட்டில் மறுபடி. அப்போது அந்தப் பின்விளிம்பு கொக்கி மாதிரி பாறையில் மாட்டும். முன்னால் வரும்போது பிராக்கெட்டைக் காப்பாற்றிய தகடு பின்னால் போகும்போது அதைப் பிய்த்து எடுக்கப் பார்க்கும். முன்னும் பின்னும் சரிவு உள்ள படகு வடிவம்தான் சரி. இதற்குக் கூடுதலாகச் செலவாவது ஒரு வளைவும் பத்து நிமிடமும்தான்.

இரண்டாவது கேள்வி, விசை எங்கே போகிறது. ஏற முடியாத தகட்டோடு ஓட்டுநர் என்ன செய்வார்? கொஞ்சம் பின்னே வந்து வேகமாக முட்டுவார். மனித சுபாவம். 1,800 கிலோ வண்டி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், அதாவது நடக்கிற வேகத்தில், வந்தால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,740 ஜூல். இதை 10 செ.மீ. தூரத்தில் நிறுத்தினால் சராசரி விசை 1.8 டன்னுக்குப் பக்கத்தில். 2 செ.மீ.க்குள் நிறுத்தினால் கிட்டத்தட்ட 9 டன். டயரும் ஸ்பிரிங்கும் புஷ்ஷும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுப்பதால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் கணக்கின் திசை புரிகிறது: எது நெகிழாதோ அது பெரிய விசையை உண்டாக்கும்.

தகட்டின் தடிமனை இரட்டிப்பாக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது, வளையாமல் தாங்கும் வலிமை நான்கு மடங்காகிறது, எடை இரண்டு மடங்காகிறது. கேட்க நல்ல வியாபாரம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தகடு வளையாமல் தாங்கிய விசை காற்றில் கரைந்துவிடாது. அது வெல்டிங் வழியாகப் பிராக்கெட்டுக்குப் போகும், பிராக்கெட்டிலிருந்து ஆக்சில் குழாய்க்குப் போகும், ஆர்ம் வழியாக சேஸிஸின் பிடிமானத்துக்குப் போகும். வழியில் எது பலவீனமோ அங்கே போய் உட்காரும். மென்பொருளில் இதை தினமும் பார்க்கிறோம். ஒரு இடத்தில் பிழையைப் பிடித்து விழுங்கிவிடும் கோடு எழுதினால் பிழை ஒழிவதில்லை; மூன்று அடுக்கு தள்ளி, யாரும் பார்க்காத இடத்தில், வேறு உருவத்தில் எழுந்திருக்கும்.

இதிலிருந்துதான் மூன்றாவது கேள்வி வருகிறது: எது முதலில் வளைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு வண்டி உற்பத்தியாளர் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறார். அவர் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, பிராக்கெட் மெல்லிய தகடாக இருப்பதால் அது முதலில் மடங்குகிறது. குழாய் நேராக இருக்கிறது. மடங்கிய பிராக்கெட்டைச் சுத்தியலால் நிமிர்த்தலாம், வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். வளைந்த ஆக்சில் குழாயை அப்படி எல்லாம் செய்ய முடியாது. கால் அங்குலத் தகட்டை நான்கு பக்கமும் சுற்றி வெல்டிங் வைக்கிறவர், தனக்குத் தெரியாமலேயே, அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறார். இப்போது முதலில் தோற்கப்போவது குழாய், அல்லது குழாயும் பிராக்கெட்டும் சேரும் வெல்ட்.

நான் தடித்த தகடே கூடாது என்று சொல்லவில்லை. சரிவு நன்றாக இருந்தால் பெரிய விசை வரவே வராது. அப்போது தடிமன் தேய்மானத்துக்கு மட்டும் போதும். சரிவு இல்லாத தகட்டைத்தான் தடிமனால் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. தடிமனைப் பற்றி ரொம்பப் பேசுகிற தகட்டைச் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இனி வெல்டிங். அமெரிக்க வீடுகளில் பலரிடம் இருப்பது 120 வோல்ட்டில் ஓடும் சின்ன வயர் வெல்டிங் மெஷின். 3 மி.மீ. தகட்டுக்கு அது நன்றாக உழைக்கும். 6 மி.மீ. தகட்டை அது போதுமான அளவு உருக்காது. உருகிய கம்பி தகட்டின்மேல் அழகாக அடுக்கடுக்காகப் படியும், அடியில் ஒட்டியிருக்காது. சப்பாத்தி மாவைப் பலகையில் வைத்த மாதிரி. வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் மோசமாக உருகிய வெல்ட்டும் அழகாக இருக்கலாம். இன்னொரு சிக்கல், தடித்ததையும் மெல்லியதையும் சேர்ப்பது. தடித்த தகட்டுக்கு வேண்டிய சூட்டை வைத்தால் மெல்லிய பிராக்கெட்டில் ஓட்டை விழும். பிராக்கெட்டுக்குத் தகுந்த சூட்டை வைத்தால் தகட்டில் ஒட்டாது.

ஒட்டினாலும் பிரச்சினை முடிவதில்லை. கீழ் ஆர்ம் பிராக்கெட் பாறையில் மட்டும் விசை வாங்குவதில்லை. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு ஆக்சிலரேட்டர் மிதிக்கும் அது இழுபடுகிறது, தள்ளப்படுகிறது. உலோகச் சோர்வு என்பது இந்தச் சின்னச் சின்ன விசைகள் லட்சக்கணக்கில் சேர்ந்து செய்வது. விரிசல் பெரும்பாலும் வெல்ட்டின் ஓரத்தில், தடித்த பகுதி முடிந்து மெல்லிய பகுதி தொடங்கும் இடத்தில் பிறக்கும். இங்கே பலர் அறியாத ஒன்று: சாதாரண வெல்டிங் இணைப்பின் சோர்வு ஆயுள், எஃகு எவ்வளவு உயர்ந்த ரகம் என்பதைப் பொறுத்து ஏறுவதில்லை. ஏஆர் 400 மாதிரி தேய்மானம் தாங்கும் கடினத் தகட்டை வாங்கி வெல்டிங் வைத்தால் தேய்மானத்துக்கு லாபம் உண்டு, சோர்வுக்கு இல்லை. சூடு பட்ட பகுதி மென்மையாகிவிடும், ஈரப்பதத்திலிருந்து ஹைட்ரஜன் நுழைந்தால் விரிசலும் சுலபமாக வரும்.

சுற்றிலும் தொடர்ச்சியாக வெல்டிங் வைத்தால் பலம் கூடும் என்ற நம்பிக்கைக்கும் ஒரு பழைய பதில் இருக்கிறது. 1943 ஜனவரியில், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில், கட்டி முடித்து சோதனை ஓட்டமும் முடித்து அமைதியான நீரில் நின்றுகொண்டிருந்த ஸ்கெனெக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் திடீரென்று நடுவில் பிளந்தது. அந்தப் போர்க்காலத்தில் வெல்டிங் வைத்துக் கட்டிய கப்பல்கள் பலவற்றில் இப்படி விரிசல்கள் வந்தன. வெல்டிங் மட்டுமே குற்றவாளி இல்லை. அந்த எஃகு குளிரில் நொறுங்கும் தன்மையடைகிறது என்பதை கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் விளக்கினார். ஆனால் ரிவெட் அடித்த கப்பலில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் வைத்த கப்பலில் எல்லாம் ஒரே உலோகம், விரிசலுக்கு நிற்க இடமில்லை. தகட்டையும் பிராக்கெட்டையும் ஆக்சில் குழாயையும் ஒரே உலோகமாக்கும்போது நாமும் சின்ன அளவில் அதையேதான் செய்கிறோம். தகட்டில் தொடங்கிய விரிசல் குழாய்க்கு நடந்துபோக ஒரு பாலம் கட்டித் தருகிறோம்.

வெல்டிங் சூடே குழாயை வளைக்கும் என்பதும் உண்டு. குழாயின் அடிப்பக்கத்தில் மட்டும் நீளமாக வெல்டிங் வைத்தால் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கும். நுனிகள் அந்தப் பக்கம் சாயும். கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான், ஆனால் பேரிங்குக்கும் ஆயில் சீலுக்கும் தெரியும். பாறையிடமிருந்து காப்பாற்றப் போய், பாறை தொடுவதற்கு முன்பே ஆக்சிலை நாமே வளைத்துவிட்டோம் என்றாகும். வைத்தே ஆக வேண்டும் என்றால் அங்குலம் அங்குலமாக, இடம் மாற்றி மாற்றி, நடுவில் ஆறவிட்டு வைக்க வேண்டும். குழாயைத் தொடாமல் பிராக்கெட்டோடு நிறுத்திக்கொள்வது அதைவிட நல்லது.

செய்கிறவரின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிலின் அடிப்பக்கம் கிரீசும் சேறுமாக இருக்கும். கையில் கிடைத்த பிரேக் கிளீனரை அடித்துத் துடைத்துவிட்டு உடனே வெல்டிங் வைக்கத் தோன்றும். அந்தக் கிளீனரில் குளோரின் சேர்மம் இருந்தால் வெல்டிங் பொறியின் சூடும் புற ஊதாக் கதிரும் அதை ஃபாஸ்ஜீன் வாயுவாக மாற்றக்கூடும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அது. மூடிய ஷெட்டில், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சோப்பு நீர், கிரைண்டர், கம்பி பிரஷ் போதும். புஷ்ஷோடு ஆர்மைக் கழற்றி வைக்க வேண்டும், பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். தள்ளி மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போகும். பிரேக் குழாயும் பெட்ரோல் டாங்கும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கெல்லாம் வருகிற மறுமொழி ஒன்றுதான்: "ரெண்டு வருஷம் ஓட்டியாச்சு, ஒண்ணும் ஆகலையே." இதை அலட்சியமாகத் தள்ள மாட்டேன், அனுபவம் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் யாராவது தகட்டைக் கழுவி, வெல்ட்டின் நுனிகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தார்களா? வேலை முடிந்த அன்று கறுப்புப் பெயிண்ட் அடித்துப் படம் எடுக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து, கீறலும் நசுங்கலுமாக, அதே கோணத்தில் எடுத்த படம்தான் எனக்கு வேண்டும். அது கிடைப்பதில்லை. சோர்வு விரிசலின் குணமே கடைசி நாள் வரை ஒன்றும் ஆகாதது போல இருப்பதுதான்.

இன்னொன்று, சனிக்கிழமை பாறை ஏறும் வண்டிதான் திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறது. ரூபிகானில் பிராக்கெட் பிய்ந்தால் நடக்கிற வேகத்தில் பிய்யும். கூட வந்தவர்கள் இழுத்துவிடுவார்கள். அங்கே தொடங்கிய விரிசல் 110 கி.மீ. வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது முடிந்தால், அந்தப் பக்க ஆர்ம் விடுபட்டு ஆக்சில் கோணலாகும். பக்கத்துத் தடத்தில் வருகிறவர் இந்தப் பொழுதுபோக்கில் சேரவே இல்லை. வீட்டில் செய்கிற வேலையில் சுதந்திரம் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் வேலைக்கான பொறுப்பு ஷெட்டோடு முடிவதில்லை.

அப்படியானால் நல்ல வீட்டுத் தகடு எப்படி இருக்கும்? நான் மதிப்பெண் போடுகிற வரிசை இது. சாய்வு 30 டிகிரியை ஒட்டி, முன்னும் பின்னும். அகலம் பிராக்கெட்டை விடக் கொஞ்சம் கூடுதல், போல்ட்டின் தலையும் நட்டும் மறைவில், ஆனால் ஸ்பேனர் போக வழி விட்டு. ஆர்ம் முழுதும் இறங்கி முறுக்கும்போதும் தகட்டில் இடிக்காத இடைவெளி. சேறு தங்கித் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் வடிகால் ஓட்டை. 4 மி.மீ. அளவில் சாதாரண மைல்ட் ஸ்டீல். வளைந்தால் நிமிர்த்தலாம், தேய்ந்தால் மாற்றலாம். பிராக்கெட்டில் சின்ன காதுகளை மட்டும் வெல்டிங் வைத்து, தகட்டைப் போல்ட் போட்டு மாட்டினால் இன்னும் நல்லது. பாறை தகட்டைப் பிய்த்தால் போல்ட் போகும், பிராக்கெட் நிற்கும். இதில் குறையும் உண்டு. துருத்தி நிற்கும் போல்ட் தலையைப் பாறை சீவிவிடும், பிறகு கழற்ற முடியாது. அதனால் தலையைத் தகட்டுக்குள் பதித்து வைக்க வேண்டும். அது கூடுதல் வேலைதான், ஆனால் சரியான இடத்தில் செய்யும் வேலை. பெயிண்ட் வெள்ளையாக இருக்கட்டும். விரிசல் வந்தால் துருக்கோடு பளிச்சென்று தெரியும்.

சஸ்பென்ஷன் வடிவம் ஒன்றானால் பிரச்சினையும் ஒன்றுதான். 2020-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங் போய், காயில் ஸ்பிரிங்கும் தண்டுகளும் வந்துவிட்டன. வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கிய அதே நிறுவனம், ராங்ளர் 1997-ல் செய்த மாற்றத்தைப் பின் ஆக்சிலில் செய்திருக்கிறது. தார் வைத்திருக்கிறவர்களும் பட்டறையில் ஒரு தகடு கேட்பார்கள். நம் பட்டறைகளில் கைக்கு முதலில் வருவது 6013 ராடு. மைல்ட் ஸ்டீல் தகட்டுக்கு அது சரி. யாராவது கடினத் தகடு வாங்கிக்கொண்டு வந்தால், ஹைட்ரஜன் குறைந்த 7018 ராடு, அதுவும் ஈரமில்லாமல் அடுப்பில் காயவைத்தது, வேண்டும். அது இல்லையென்றால் கடினத் தகடும் வேண்டாம்.

பட்டறைக்காரரிடம் "எவ்வளவு தடிமன் போடலாம்?" என்று கேட்டால் அவர் கையிருப்பில் உள்ள தடித்த தகட்டைக் காட்டுவார், அது இயல்பு. "அண்ணே, பெரிய அடி பட்டா எது முதல்ல வளையணும்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல வெல்டராக இருந்தால் மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்ப்பார்.